இரண்டு பேருக்கு ஒரு ஜோடி

எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான். அந்த மூலையில் நான் படுத்ததில்லை. என் இரண்டு பையன்களும் படுத்ததில்லை. அங்கே ஒரு ஜோடி ஷூ தொங்கியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்தேழு வருஷம். நினைத்தால் வயிறு எரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

என் புருஷன் மம்பூயாவுக்கு எங்கள் பக்கோங்கோ பேட்டைச் சந்தை ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிற வேலை. திங்கள் முதல் சனி வரை அவர் கையைப் பிடித்துக் குலுக்க யாருக்கும் துணிச்சல் வராது, அவ்வளவு கரி. ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை குளிப்பார். கோட்டு, டை, கைக்குட்டை, கைத்தடி. காங்கோ நாட்டுப் பிராசவில் நகரத்தில் எங்கள் பேட்டை ஆண்களில் பாதிப் பேர் இப்படித்தான், உடுப்புக்காரர்கள். தலையிலிருந்து கால் வரை மூன்று நிறத்துக்கு மேல் போடக் கூடாது என்று அவர்களுக்குள் சட்டம். காலுறை நிறம் சரியில்லை என்று பாதி வழியிலிருந்து என்னை மூன்று தடவை வீட்டுக்கு ஓட விட்டிருக்கிறார் இந்த மனுஷன்.

அந்த ஷூ அவருக்கு மட்டும் சொந்தம் இல்லை. பக்கத்துத் தெரு லூபாக்கிக்கும் அதில் பாதி. இருவரும் சின்ன வயசிலிருந்து ஒட்டிப் பிறந்த மாதிரி திரிந்தவர்கள். பாரிஸிலிருந்து லீவில் வந்த ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்த ஜோடி அது. காய்ந்த மிளகாய் நிறம். தனியாக வாங்க இருவருக்கும் வக்கில்லை, சேர்ந்து வாங்கினார்கள். அளவு நாற்பத்து மூன்று. என் புருஷனுக்கு நாற்பத்து இரண்டு, லூபாக்கிக்கு நாற்பத்து நான்கு. இவர் முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு நடப்பார், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். ஒரு ஞாயிறு இவருக்கு, அடுத்த ஞாயிறு அவருக்கு. முறை இல்லாதவர் ஏதோ ஒரு கறுப்பு ஷூவில், தூசி துடைக்கும் துணியோடு கூடவே போவார். ஒரே நாளில் இருவரும் அந்த ஷூவில் ஊருக்குள் போக வழியே இல்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

முதல் மழைக்காலத்தில் என் புருஷன் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தார். ஈரம் படக் கூடாது என்று ஷூவை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுக்கூடப் புகாமல் இறுக்கிக் கட்டி வைத்தார். பத்து நாள் கழித்துத் திறந்தால் பச்சைப் பூஞ்சை, கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி. ஐயோ, அவர் அழுத அழுகை! எங்க அப்பா செத்தபோதுகூட அந்த ஆள் அப்படி அழவில்லை. லூபாக்கி வந்து பார்த்துவிட்டு, திட்டாமல், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் துடைத்துக் கொடுத்தார். அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெட்டி. கூரைக் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கும் மரப்பெட்டி, காற்றுப் போக ஓட்டை போட்டது. எறும்பு இறங்காமல் இருக்கக் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி. பெட்டிக்குள் அடுப்புக்கரி முடிச்சு, ஈரம் இழுக்க. ஷூவுக்குள் மடிப்பு விழாமல் இருக்க, தச்சரைப் பிடித்துச் செதுக்கிய இரண்டு மரப்பாதம். எல்லாம் சரி. ஷூவைச் சுற்றப் பருத்தித் துணி வேண்டும் என்று என் கல்யாணத்துக்கு இடுப்பில் சுற்றிய துணியை எடுத்து, மஞ்சள் பறவை போட்டது, இரண்டு பை தைத்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை.

"எதுக்குய்யா ரெண்டு பை? ஒண்ணு போதாதா உன் மகாராசாவுக்கு?" என்று கத்தினேன்.

"ஒண்ணோட ஒண்ணு உரசும், செராஃபின். தோல் கீறிப் போகும்."

"நாம ரெண்டு பேரும் ஒரே பாயிலதான் படுக்கிறோம். உரசி என்ன கெட்டுப் போச்சு?"

"உரசினதுக்குத்தான் ரெண்டு பசங்க வீட்டை ரெண்டாக்குறானுங்களே!"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டதால் சண்டையில் தோற்றேன். இன்றுவரை அந்தத் துணிக்கு ஈடு வாங்கித் தரவில்லை.

மழை நாளில் வெளியே போவதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஷூவைப் பையோடு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் சேற்றைத் தாண்ட வேண்டும். சிமென்ட் தரை வந்ததும் கால் கழுவித் துடைத்து, அங்கே போட்டுக்கொள்ள வேண்டும். "கால் நனைஞ்சா காஞ்சிடும், தோல் நனைஞ்சா காயாது." இது என் புருஷன் கண்டுபிடித்த வேதம். லூபாக்கி அதை ஜெபம் மாதிரி சொல்லுவார். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஊருக்கெல்லாம் ஷூ காலைக் காப்பாத்தும், உங்களுக்கு மட்டும் கால் ஷூவைக் காப்பாத்துது என்று. யார் காதில் ஏறியது?

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் எங்கள் பேட்டையில் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்ததும், எல்லாரையும் போல நாங்களும் ஓடினோம். எங்கள் குடும்பமும் லூபாக்கி குடும்பமும் சேர்ந்து தெற்கே காட்டுப் பக்கம். லூபாக்கியின் மனைவி ஓர்த்தான்ஸுக்கு மலேரியா, நிற்கவே முடியவில்லை. அவளுடைய ஆறு மாதக் குழந்தை பெல்வியை நான் முதுகில் கட்டிக்கொண்டேன். என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? சட்டிப் பானையை விட்டார், பாயை விட்டார். சட்டைக்குள் ஷூவைச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

வழியில் துப்பாக்கிப் பையன்கள் மறித்து, ஆண்களின் கைக்கடிகாரம், ஷூ எல்லாவற்றையும் கழற்றி வாங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. என் புருஷன் முகம் செத்துப்போனது. உயிருக்குப் பயந்தா, ஷூவுக்கா என்று நான் கேட்கவில்லை. "கொண்டா இங்க" என்று பிடுங்கி, முதுகுத் துணிக்குள், பெல்வியின் பின்பக்கத்துக்குக் கீழே செருகிக்கொண்டேன். குழந்தை சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பெல்வி அவனைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். விட்டுவிட்டான்.

அரை மைல் போன பிறகு என் முதுகு சுடச்சுட நனைந்தது. இடது ஷூவுக்குள் முழுசாகப் பெய்திருந்தாள். உட்புறத் தோலில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்களும் காட்டு வழியில் ஷூவைப் பார்க்கிறார்கள், குழந்தையைப் பார்க்கிறார்கள். கடைசியில் லூபாக்கி சொன்னார்: "டேய், எம்பொண்ணு ஞானஸ்நானம் பண்ணிட்டா. இனி இதுக்கு ஒண்ணும் ஆகாது."

சண்டை ஓய்ந்து திரும்பியபின் லூபாக்கிக்கு கடற்கரையில், புவாந்த் நுவார் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார். ஷூ ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று ஆனது. பார்சலில் அனுப்புவதா? பேசக்கூடாது. கையால் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். ரயிலில் என் புருஷன் அந்த இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

"மேல வைங்க பெரியவரே, என்ன, கைக்குழந்தையா?" என்று டிக்கெட் பார்ப்பவர் கேட்டால், "தூங்குது, சத்தம் போடாதே" என்பார்.

ஸ்டேஷனில் லூபாக்கி நிற்பார். பையைப் பிரித்து முதலில் மோந்து பார்ப்பார். பிறகு கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்ப்பார். எல்லாம் சரி என்ற பிறகுதான் இவரைக் கட்டிப்பிடிப்பார். எனக்குத் தெரியும், அந்த ஷூ இல்லாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த இரண்டு கிறுக்கர்களும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் நானும் வழியில் தின்ன, இலையில் அவித்த மரவள்ளிக் கட்டி பொதிந்து கொடுத்து, வாயை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

போன வருஷம் ஜூன் மாதம் ஷூ எங்களிடம் வந்தது. செப்டம்பரில் ஓர்த்தான்ஸ் போன் பண்ணினாள்.

"அக்கா, அவரு காலை எடுத்துட்டாங்க. இடது காலு, முழங்காலுக்குக் கீழ."

லூபாக்கிக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று எங்களுக்குத் தெரியும். காலில் புண் இருந்தது தெரியாது.

"எப்படிடி ஆச்சு?"

"ஏப்ரல்ல பெரிய மழை. ஷூ நனையக் கூடாதுன்னு கையில தூக்கிக்கிட்டு வெறுங்கால்ல தண்ணிக்குள்ள இறங்கியிருக்காரு. தகரம் குத்தியிருக்கு. சர்க்கரைக்காரருக்கு வலி எங்க தெரியுது? காலுறையைப் போட்டு மூடிக்கிட்டு, என்கிட்டயும் சொல்லல." அழுகை முட்டியது அவளுக்கு. "நவம்பர்ல பெல்வி கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். ஆனா அந்த ஷூ என் வாசல் மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

இவர் பக்கத்தில்தான் நின்றார். எல்லாம் கேட்டது. வாசலில் போய் உட்கார்ந்தார். நான் சோறு கொண்டுபோனேன், தொடவில்லை.

"அந்த வேதத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு, செராஃபின்?" என்றார்.

நான் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று தட்டை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அவர் பெட்டியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகவில்லை. ரப்பர் செருப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தார். லூபாக்கிக்குப் போன் போட்டால் அவர் எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. "என்மேல கோவம்தான். நியாயம்தானே" என்று இவரே சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெல்வி எனக்குப் போன் பண்ணினாள்.

"பெரியம்மா, அப்பா வரமாட்டேங்குறாரு. ஒத்தைக்காலோட ஊர் முன்னாடி உக்கார மாட்டேன், தன் அண்ணன் குடிக்கட்டும்ங்குறாரு."

எங்கள் வழக்கத்தில் பெண் ஒரு கோப்பை கள்ளை எடுத்து அப்பா கையில் கொடுப்பாள். அவர் குடித்தால் கல்யாணம். அப்பா இல்லையென்றால் அவருடைய அண்ணன் குடிக்கலாம், தப்பில்லை.

"நீ என்னடி சொன்ன?"

"அவரு உக்காந்து குடிச்சாத்தான் கோப்பையை நீட்டுவேன். இல்லன்னா மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகட்டும்."

சொன்னால் செய்வாள். நான் முதுகில் சுமந்த பெண் அல்லவா, பிடிவாதத்துக்குக் கேட்பானேன்.

கிளம்பும் காலையில் இவர் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழைய கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் பூட்டுவதற்காகப் பின்தங்கினேன். முக்காலி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, இரண்டு பைகளையும் எடுத்து, மரவள்ளிக் கட்டிக் கூடைக்குள் அடியில் வைத்துத் துணி போட்டு மூடினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இருபத்தேழு வருஷம் சபித்த பொருளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். பத்து மணி நேரப் பயணம். கூடையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மழை கொட்டியது. லூபாக்கி வீட்டு முற்றம் சின்னது, அதனால் விசேஷம் இரண்டு தெரு தள்ளி அவருடைய அண்ணன் வீட்டில். ஓர்த்தான்ஸ் பெண்ணோடு முன்னாலேயே போய்விட்டாள். எங்களைப் பார்த்து, "நீங்களாவது இழுத்துக்கிட்டு வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

லூபாக்கி உள் அறையில் கட்டிலில் இருந்தார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். இடது பேண்ட் குழாய் மடித்துக் குத்தியிருந்தது. கைத்தாங்கல் கட்டைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. என் புருஷன் கதவருகே நின்றுவிட்டார். உள்ளே போகக் கால் வரவில்லை.

"நிக்கிறவன் யாருடா, கடன்காரனா?" என்றார் லூபாக்கி. "உக்காரு."

"நீ போன் எடுக்கல."

"எடுத்து என்ன சொல்ல? ஷூ பத்திரமா இருக்கு, கால்தான் போச்சுன்னா?"

"நான்தான்டா காரணம்." இவர் குரல் உடைந்தது. "கால் காஞ்சிடும்னு நான்தானே…"

"போடா மடையா. நீ சொன்னா எனக்கெங்க போச்சு புத்தி? புண்ணை மறைச்சது நான். ஸ்டேஷன்ல உன்கிட்ட ஷூவைக் கொடுத்தப்பவே சீழ் வெச்சிருந்துச்சு. சொல்லியிருந்தா, நீ ஷூவைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்ப. அப்புறம் நீ எதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவ?"

 நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு தடியனுங்களும் அழுது முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, அங்க ஒரு பொண்ணு கோப்பையோட காத்திருக்கா" என்றேன். கூடையிலிருந்து பைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

என் புருஷன் என்னைப் பார்த்தார். காட்டு வழியில் நான் ஷூவைப் பிடுங்கி ஒளித்தபோது பார்த்த அதே பார்வை.

லூபாக்கி ஒரு பையைப் பிரித்து மோந்தார். பிறகு மற்றது. இடது ஷூவிலிருந்து மரப்பாதத்தை உருவி, தன் மடித்த குழாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இதை வெச்சுக் கட்டிவிடு, சரியா இருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "ஒத்தை ஷூ போட்டு நான் எப்படிடா போவேன்? அந்த இன்னொண்ணு எங்கன்னு ஊரே கேக்குமே."

என் புருஷன் தரையில் மண்டியிட்டார். வலது ஷூவுக்குள் கையை விட்டு, விரலால் ஒவ்வொரு மூலையாகத் தடவினார், கல் மண் ஏதாவது இருக்கிறதா என்று. டயருக்குள் முள் தேடுகிற மாதிரியே தேடினார். கயிற்றை முழுக்கத் தளர்த்தினார். லூபாக்கியின் வலது காலைத் தன் தொடைமேல் வைத்து, காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, மெதுவாக உள்ளே நுழைத்தார்.

"கடிக்குதா?"

"இல்ல. உன் பொஞ்சாதிதான் கடிக்கிறா."

பிறகு என் புருஷன் தன் இடது காலின் கறுப்பு ஷூவைக் கழற்றினார். கட்டிலில் தனியாக இருந்த இடது ஷூவை எடுத்து, முன்னால் கொஞ்சம் பஞ்சு அடைத்து, போட்டுக்கொண்டார். எழுந்து நின்றார். இடது காலில் காய்ந்த மிளகாய், வலது காலில் பழைய கறுப்பு. காலுறை நிறத்துக்காக என்னை மூன்று தடவை ஓடவிட்ட மனுஷன்!

"அந்த இன்னொண்ணு எங்கன்னு கேட்டா என்னைக் காட்டு" என்றார். "வா, போலாம்."

லூபாக்கி இவர் காலைப் பார்த்தார். பிறகு கைத்தாங்கல் கட்டைக்குக் கை நீட்டினார்.

மழை விட்டிருந்தது. தெரு முனையில் இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரை தண்ணீர், பழுப்பாக, அடி தெரியாமல். இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டார்கள். லூபாக்கி ஒரு கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து, ஷூவைக் கழற்றக் குனிந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவுக்குப் பிறகும் குனிந்தார்.

"தொடாதே!" என்று என் புருஷன் கத்திய கத்தலில் கோழிகள் சிதறின. "கைய எடு. போட்டுக்கிட்டே வா."

"டேய், நனைஞ்சிடும்டா. தோல் காயாது."

"காயாட்டி போகட்டும்."

நான் கட்டையை லூபாக்கியிடம் திருப்பிக் கொடுத்தேன். இவர் முதலில் இறங்கினார். ஷூவோடு. தண்ணீர் கயிற்றுக்கு மேலே ஏறியது. ஒவ்வொரு அடியும் வைத்து, காலால் துழாவி, தகரம் இல்லை என்று பார்த்த பிறகு, "இங்க வை" என்பார். லூபாக்கி அந்த இடத்தில் காலை வைப்பார். அப்படியே ஒவ்வொரு அடியாக இருவரும் தாண்டினார்கள். நான் பின்னால் காலிக் கூடையோடு, அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் போனேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. உடுப்புக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்கள் கண் முதலில் காலுக்குத்தான் போகும். இவர் கால், அவர் கால், திரும்ப இவர் கால் என்று பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து, "ரெண்டு பேரும் ஒரே ஜோடியா!" என்று கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். லூபாக்கி நடு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை முன்னால் நீட்டினார். என் புருஷன் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். பெல்வி கோப்பையோடு வந்து மண்டியிட்டாள். ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்த இரண்டு ஷூவையும் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

திரும்பி வரும்போது என் கூடையில் ஒரு பைதான் இருந்தது. மற்றது அங்கே, ஓர்த்தான்ஸ் தன் கையாலேயே ஆணியில் மாட்டினாள். அவளும் கொஞ்சம் திட்டினாள், ஆனால் மாட்டினாள்.

இப்போது ஒழுகாத மூலையில் எங்கள் பாய் இருக்கிறது. இடது ஷூ கதவருகே சாதாரணமாகக் கிடக்கிறது. ஊர் திரும்பிய வாரம் முழுக்க அதை அடுப்பிலிருந்து தள்ளி, நிழலில், காகிதம் மாற்றி மாற்றி அடைத்துக் காயவைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ போன் அடித்தது. லூபாக்கி.

"டேய், உன்னுது காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு விழுந்திருக்கு. உன்னுது?"

"எனக்கும் அதே கோடுதான். அதே இடத்துல."

"சரி, உன் காலைக் காட்டு" என்றார் என் புருஷன். "போனை அப்படியே கீழ திருப்பு. விரலுக்கு நடுவுலயும் காட்டு."